வெயில் ஊர்களில் ஐஸ் ஹாக்கி: கவனித்தவர்கள் எழுதுங்கள்

2020, 2021 டாம்பா பே. 2023 வேகாஸ். 2024, 2025 ஃப்ளோரிடா பாந்தர்ஸ். பனியே விழாத ஊர்களுக்கு ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் (NHL) சாம்பியன் கோப்பை, போவது சகஜமாகிவிட்டது. கனடா அணி ஒன்று கடைசியாக வென்றது 1993இல், மாண்ட்ரியல். 'அங்கே மாநில வருமான வரி இல்லை, அதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விரித்துச் சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் ஐஸ். தளம் 200 அடிக்கு 85 அடி. கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் உப்புநீரோ கிளைகால் (glycol) என்ற உறையாத திரவமோ குளிராகச் சுற்றும்; மேலே இருக்கும் ஐஸ் ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மொத்தத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் காற்றுக்குமிழி சிக்கி, ஸ்கேட் பட்டதும் பெயர்ந்து வரும். அதனால் மெல்லிசாகத் தெளித்து, உறையவிட்டு, மறுபடி தெளிப்பார்கள். வெள்ளை பெயின்ட்டும் கோடுகளும் நடு அடுக்கில் போய்விடும்.

வெயிலைக்கூடச் சமாளிக்கலாம், ஈரக்காற்றுதான் வம்பு. ஜூன் மாதம், பாந்தர்ஸின் அரங்கம் இருக்கும் சன்ரைஸில் கதவைத் திறந்து ஆயிரக்கணக்கானோரை உள்ளே விட்டால், காற்றிலுள்ள ஈரம் ஐஸ்மேல் வெண்பொடியாகப் படியும். பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு வழுக்காமல் துள்ளும், பாஸ் குறி தவறும். கூட்டம் வருவதற்கு முன்பே ஈரமுறிஞ்சிகளை ஓட்டி, உள்ளே 15-16 டிகிரி, ஈரப்பதம் 40-45 சதவீதம் என்று பிடித்து வைக்க வேண்டும். கூட்டம் வந்தபிறகு தொடங்கினால் எட்டிப்பிடிக்க முடியாது. வேகாஸ் பாலைவனம், காற்றே காய்ந்தது. அந்த விதத்தில் கொடுத்துவைத்த ஊர்.

பதில் 2

வேகாஸ் ஜெயித்தது மற்றவர்களின் அவசரத்தாலும்தான். 2017இல் லீக்கில் சேர்ந்த புது அணி அது; நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். புது அணிக்கு ஆள் சேர்க்க நடந்த 2017 தேர்வில் பழைய 30 அணிகளும் ஆளுக்கொரு வீரரை வேகாஸிடம் இழக்க வேண்டும். காப்பாற்றிக்கொள்ள இரண்டு வழி: 7 முன்கள வீரர், 3 தடுப்பாளர், 1 கோல்கீப்பர், இல்லையென்றால் எந்த இடத்தில் ஆடினாலும் 8 பேரும் 1 கோல்கீப்பரும்.

ஃப்ளோரிடா பாந்தர்ஸ் இரண்டாவது வழியில் 4 தடுப்பாளர்களைக் காப்பாற்றியது. முந்தைய சீசனில் 30 கோல் அடித்த மார்ஷெசோ காப்புப் பட்டியலுக்கு வெளியே நின்றார், வேகாஸ் எடுத்துக்கொண்டது. அதோடு ரெய்லி ஸ்மித்தையும் நான்காம் சுற்றுத் தேர்வுரிமை (ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒன்றுக்காக வேகாஸுக்குத் தள்ளிவிட்டார்கள். கொலம்பஸ் அணி முதல் சுற்று உரிமையையும் கொடுத்து வில்லியம் கார்ல்சனையும் இழந்தது. முந்தைய சீசனில் 6 கோல் அடித்தவர் வேகாஸில் 43 அடித்தார். முதல் சீசனிலேயே 109 புள்ளி, இறுதிப்போட்டி. 2023 இறுதியில் எதிரணி அதே ஃப்ளோரிடா, பிளேஆஃபின் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள்) சிறந்த வீரர் அதே மார்ஷெசோ!

2021இல் சியாட்டில் புது அணியாக அதே விதியில் வந்தபோது எல்லோரும் உஷார். முதல் சீசனில் கிடைத்தது 60 புள்ளி.

பதில் 3

வரி விஷயம். சம்பள உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றே என்பதால், வரியில்லா மாநிலத்தில் அதே டாலர் கூடுதலாகக் கையில் நிற்கும். உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் போய் ஆடும் நாட்களுக்கு அங்கே வரி கட்டியாக வேண்டும். அதைவிட, பாந்தர்ஸ் 2001 முதல் 2011 வரை ஒரு தடவைகூட பிளேஆஃபை எட்டவில்லை. அப்போதும் ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது.

பதில் 4

அரிசோனாவை விட்டுவிட்டீர்களே. 1996இல் வின்னிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸ் வந்த அணி. முதல் அரங்கம் கூடைப்பந்துக்குக் கட்டியது. ஒரு பக்கத்து இருக்கைகளிலிருந்து கோல்கம்பமே சரியாகத் தெரியாது. 2003இல் மேற்கே கிளெண்டேலுக்குப் போனார்கள். சீசன் டிக்கெட் வாங்கக்கூடிய பணக்காரர்கள் கிழக்கே ஸ்காட்ஸ்டேல் பக்கம். வேலைநாள் மாலை 7 மணி ஆட்டத்துக்கு யார் நகரத்தைக் குறுக்கே கடப்பார்கள்? 2009இல் திவால், 2022இல் சுமார் 5,000 இருக்கை கொண்ட பல்கலைக்கழக அரங்கம், 2024இல் வீரர்கள் சால்ட் லேக் சிட்டிக்கு.

இத்தனைக்கும் 2016 இளம் வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஆஸ்டன் மேத்யூஸ் வளர்ந்ததே ஸ்காட்ஸ்டேலில்தான்.