மறு: நிலைபொருள் மாற்றியா, வேறு சொல்லா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பழைய கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைபொருள்களை (firmware, சில்லிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வைத்து, ஆளியால் (சுவிட்சால்) ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘நிலைபொருள் மாற்றி’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். மின்மாற்றி ஒரு மின்னழுத்தத்தை வேறொன்றாக ஆக்குகிறது. எழுத்துரு மாற்றியில் உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது வேறு. நாம் பெயர் தேடும் கருவியில் எதுவும் உருமாறுவதில்லை. ஏற்கெனவே இருக்கிற சிலவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

கம்பி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். 1982-இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் கெர்னல் (அடிப்படை இயக்க நிரல்) இருப்பது, 24 கால் கொண்ட 8 கிலோபைட் ரோம் (படிக்க மட்டுமான நினைவகம்) சில்லில். அதைக் கழற்றிவிட்டு, 28 கால் கொண்ட 27சி256 ஈப்ராமை (அழித்து எழுதக்கூடிய ரோம்) ஓர் இணைப்புப் பலகை வைத்து அங்கே உட்கார வைக்கிறோம். கொள்ளளவு 32 கிலோபைட், ஆக நான்கு கெர்னல்கள் அடங்கும். கணினிக்கு இது தெரியாது. அது வழக்கம்போல 57344 முதல் 65535 வரையிலான முகவரிகளைக் கேட்கும். அதற்கு ஏ0 முதல் ஏ12 வரை 13 முகவரிக் கம்பிகள் போதும். மிச்சமிருக்கும் ஏ13, ஏ14 இரண்டையும் வெளியே இழுத்து ஆளிகளில் சேர்த்துவிட்டால், நான்கில் எது என்பது நம் விரலில் இருக்கிறது.

(முதல் தடவை செய்தபோது அந்தக் கம்பிகளை 5 வோல்ட்டோடு இணைக்கும் மின்தடைகளை மறந்துவிட்டேன். ஆளி திறந்திருந்தால் கம்பி அந்தரத்தில் தொங்கியது. போடும்போதெல்லாம் வேறு வேறு கெர்னல் வந்து நின்றது. 10 கிலோ ஓம் தடை இரண்டு பற்றவைத்த பிறகுதான் பேய் இறங்கியது.)

> அந்த நான்கு பகுதிகளும் ‘நினைவக வங்கி’ தானே?

வேண்டாம் ஐயா, அதில் யாரும் கணக்குத் தொடங்க முடியாது. ‘அறை’ போதும். நாலறைச் சில்லு என்றால் படமே கண்முன் வருகிறது.

> அப்படியானால் ‘அறைமாற்றி’?

மறுபடியும் மாற்றி! தவிர, எல்லாக் கணினியிலும் அறை இருப்பதில்லை. அமிகா 500 கணினியில் பலர் செய்வது வேறு மாதிரி: அதன் நிலைபொருளான கிக்ஸ்டார்ட்டின் 256 கிலோபைட் 1.3 பதிப்பு ஒரு சில்லு, 512 கிலோபைட் 2.04 பதிப்பு இன்னொரு சில்லு. பழைய விளையாட்டுகள் சில 2.04-இல் ஓடாது என்பதால் இரண்டும் தேவைப்படுகின்றன. தரவுக் கம்பிகள் இரண்டுக்கும் பொது; எந்தச் சில்லை எழுப்புவது என்பதை மட்டும் ஆளி முடிவு செய்கிறது. அங்கே இருப்பது அறைகள் அல்ல, இரண்டு தனி வீடுகள்.

‘மடைமாற்றி’ எனக்கும் பிடித்தது, ஓர் இரவு முழுக்க அதோடு இருந்தேன். ஆனால் திசை தலைகீழ். மடை ஒரே நீரைப் பல வயல்களுக்குத் திருப்பும். இங்கே ஊற்று பல, வாய் ஒன்று. அப்புறம் ‘பொறுக்கி’. இலக்கணப்படி குற்றமே இல்லை. பரிந்துரைத்தவர் தன் கணினியின் முதுகில் முதலில் அதை எழுதி ஒட்டட்டும்.

என் பரிந்துரை: தெரிவாளி. தெரிவு + ஆளி. சுவிட்சுக்கு ஆளி என்பது இலங்கைப் பாடநூல்களில் நெடுநாளாகப் புழங்குகிற சொல். அறிவாளி, தொழிலாளி வரிசையில் ஆள் போல ஒலிக்கிறது என்பீர்கள். ஒலிக்கட்டுமே. இன்னொரு பொருத்தமும் உண்டு. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆளியைத் தட்டினால், செயலி பாதியில் விட்ட கட்டளைக்குத் திரும்பி வரும்போது அங்கே வேறு எதுவோ இருக்கும், பெரும்பாலும் தொங்கிவிடும். மாற்றி என்றால் நடுவில் மாற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தெரிவு என்பது தொடங்கும் முன் செய்வது.

‘நிலைபொருளா, நிலைப்பொருளா’ என்ற ஒற்றுச் சண்டைக்கும் ஒரு வரி: நிலைபொருள் வினைத்தொகை, சுடுமண், குடிநீர் போல. ப் மிகாது. மின்சாரம் போனாலும் உள்ளடக்கம் நிலைக்கிறது என்பதால், ஆளி வைத்தாலும் அந்தப் பெயர் பொருந்தும்.

சரி, எனக்கே விடை தெரியாத ஒன்று. கமடோர் 64-இல் வட்டு வேகத்தைக் கூட்டும் மாற்று நிலைபொருளான ஜிஃபிடாஸின் முழு வேகம் வேண்டுமானால் கணினியில் மட்டுமல்ல, அதோடு இணைக்கும் 1541 வட்டியக்கியிலும் (டிஸ்க் டிரைவ்) ரோமை மாற்ற வேண்டும். ஆக இரண்டு பெட்டி, இரண்டு தெரிவாளி. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பும்படி கம்பி இழுத்துச் சேர்த்தால், அந்த ஜோடிக்கு என்ன பெயர்?