தாராபுரம் மானாவாரிக்கு எந்தப் புல்?

தாராபுரத்தான்:
வணக்கமுங்க. சிங்கப்பூர் துவாஸ்ல வேலை. ஊர்ல நாலு ஏக்கர் மானாவாரி, செம்மண்ணும் சரளையும். கிணத்துத் தண்ணி மாடு கன்னு குடிக்கத்தான் ஆகும். வருசா வருசம் உழுது சோளத்தட்டு போட அப்பாவுக்கு இப்ப முடியலீங்க. காங்கேயம் மாடு ஒண்ணு, கன்னு, கொஞ்சம் மேச்சேரி ஆடு. ஒருக்கா விதைச்சா பல வருசம் நிக்கணும், மேய்க்கவும் ஆகணும், கோடைக்குக் காயவெச்சு வைக்கவும் ஆகணும். யூடியூப்ல எல்லாரும் சூப்பர் நேப்பியர்ங்கற உயரமான தீவனப்புல்லைச் சொல்றாங்க. நம்ம மண்ணுக்கு வருமா?

ஜூரோங் செல்வம்:
கோ-4 போடுங்க ப்ரோ, அதுவும் நேப்பியர் ஒட்டு ரகந்தான். மன்னார்குடியில எங்க மாமா போட்டிருக்காரு, ஆள் உயரத்துக்கு மேல நிக்குது.

ஈசூன் காங்கேயத்தான்:
மன்னார்குடியில வாய்க்கால்ல தண்ணி வருதுங்க. நேப்பியருக்குத் தண்ணியும் எருவும் இருந்தாத்தான் அந்த உயரம். தம்பி நிலத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லுதான். நம்ம பக்கத்துக் கொறங்காடெல்லாம், அதான் வேலி போட்ட மேய்ச்சக்காடெல்லாம், எதுல நிக்குது? கொழுக்கட்டைப்புல், நடுவுல வெள்வேல மரம், சுத்தி முள்கிளுவை வேலி. வருசத்துக்கு 300, 400 மில்லிமீட்டர் மழை போதும். கோடையில செத்த மாதிரி கெடக்கும், ஒரு மழை பேஞ்சா தூர்ல இருந்து பச்சை கட்டும்.

விதையில கவனமா இருங்க. போன மாசம் உருவுன விதை சரியா முளைக்காது. ஆறு மாசத்துக்கு மேல ஆறப்போட்டதா கேட்டு வாங்குங்க. ஏக்கருக்கு மூணு கிலோ தாராளம். பஞ்சு மாதிரி இருக்கறதால காத்துல பறக்கும், ஈர மணல்ல பெசறி வீசோணும். ஆழமாப் புதைச்சா வராது, மேல முள்ளு இழுத்து விட்டாப் போதும். கூடவே முயல்மசால் கலந்துக்குங்க, அது பயறு வகைத் தீவனச் செடி, புரதச் சத்து அதுல கெடைக்கும்.

மொத வருசம் ஆட்டை உள்ள விடவே கூடாது. இதுல மட்டும் அப்பாகிட்டக் கறாரா இருங்க! வேர் பிடிக்காத புல்லை ஆடு வேரோட பிடுங்கிரும். பூத்து விதை கொட்டட்டும், அடுத்த வருசம் தானா அடர்த்தியாகும். அப்புறம் நிலத்தைத் தடுத்து மாத்தி மாத்தி மேய்க்கோணும். மொதல்ல மாடு, அது மேஞ்ச பொறவு ஆடு.

தாராபுரத்தான்:
நன்றிங்கண்ணா. காயவைக்க எப்ப அறுக்கறது?

ஈசூன் காங்கேயத்தான்:
கதிர் வெளிய வர ஆரம்பிக்கறப்ப. விதைச்சு எழுபது, எழுபத்தஞ்சு நாள்ல மொத அறுப்பு வரும். முத்தவிட்டாப் போர் பெருசாத் தெரியும், தின்னா சத்து இருக்காது. அரைச்சாண் கட்டை விட்டு அறுங்க. வெயில்ல திருப்பிப் போட்டு, முறுக்குனாத் தண்டு ஒடியற பதத்துல போர் போடுங்க. ஈரத்தோட அடுக்குனா உள்ள சூடேறிப் பூசணம் பிடிச்சிரும். ஐப்பசி மழைக்கு நடுவுல அறுக்கறவங்களைப் பாத்தா எனக்குக் கோவந்தான் வரும். மழை விடட்டும், மார்கழியில அறுங்க.

உட்லண்ட்ஸ் மீனா:
இங்க எங்க புளோக் சமூகத் தோட்டத்துல, வளக்கற முயலுக்கு இந்தக் கொழுக்கட்டைப்புல் கொஞ்சம் போடலாமா அண்ணே?

ஈசூன் காங்கேயத்தான்:
வேண்டாம்மா. சிங்கப்பூர்ல வருசத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, தண்ணி நின்னா இதுக்கு வேர் அழுகிரும். ஆனா வறண்ட எடம் கெடைச்சா அடக்கவே முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு 1870கள்ல ஒட்டகச் சேணத்துல அடைச்ச திணிப்போட போனதாச் சொல்லுவாங்க, இன்னிக்கு அங்க பல எடத்துல இதைக் களைன்னு பிடுங்கறாங்க.

தாராபுரத்தான்:
விதை எங்கீங்க கெடைக்கும்?

ஈசூன் காங்கேயத்தான்:
கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல தீவனப்பயிர்த் துறையில கேளுங்க. இல்லைன்னா பக்கத்துக் கொறங்காட்டுக்காரர்கிட்ட அப்பாவையே கேக்கச் சொல்லுங்க, போன வருசத்து விதை எந்த மாட்டுக் கொட்டாய்ப் பரண்லயாவது சாக்குல கெடக்கும்.