கோரூட்டீனில் பிடிபடாத எக்ஸெப்ஷன்: மேலே ஒரே ஹேண்ட்லர் போதுமா?

ரங்கூன் செல்வம்:
மளிகைக் கடைக்காரர்கள் ஆர்டர் போடும் ஆண்ட்ராய்டு ஆப், கோட்லின் மொழியில் எழுதியது. நெட் வேலைகள் கோரூட்டீனில், அதாவது திரையை நிறுத்தாமல் தனியே ஓடும் வேலைகளாக, நடக்கின்றன. இங்கே கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடுகிறது. நெட் அறுந்து, எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்து, ஆப் மூடிக்கொள்கிறது. கோரூட்டீனைத் தொடக்கும் லாஞ்சைச் சுற்றி, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டும் பிடிபடவில்லை. மேலே, பிடிபடாத பிழைகள் வந்து சேரும் ஒரு கோரூட்டீன் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர் வைத்து எல்லாவற்றையும் அங்கேயே அடக்கிவிடலாம் என்கிறேன். வாடிக்கையாளர் முன்னால் ஆப் விழக்கூடாது.

மோல்மேன் தேவி:
வேண்டாம் அண்ணா. லாஞ்ச் வேலையைத் தொடக்கிவிட்டு உடனே திரும்பிவிடும். எக்ஸெப்ஷன் வரும்போது வெளியிலுள்ள ட்ரை முடிந்திருக்கும். பிடிக்க வேண்டிய இடம் உள்ளே, நெட்டைக் கூப்பிடும் வரியில். ஹேண்ட்லருக்குத் தகவல் போகும்போது அந்தக் கோரூட்டீன் முடிந்தே போயிருக்கும், அங்கிருந்து எதையும் மீட்க முடியாது. கோரூட்டீன்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஸ்கோப்பில், அவற்றைக் கட்டுப்படுத்தச் சாதாரண ஜாப் இருந்தால் இன்னும் மோசம். ஒன்று விழுந்ததும் ஸ்கோப்பே ரத்தாகும். அப்புறம் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் எதுவும் ஓடாது. ஆப் திறந்தே இருக்கும், ஆர்டர் போகாது. கடைக்காரர் அரிசி வருமென்று காத்திருப்பார். கிராஷ் ஆனாலாவது மறுபடி திறந்து பார்ப்பாரே!

ரங்கூன் செல்வம்:
அதற்குத்தான் சூப்பர்வைசர் ஜாப் இருக்கிறதே. திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடலின் ஸ்கோப்பில் அது ஏற்கெனவே உண்டு. ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும்.

மோல்மேன் தேவி:
சரி, மற்றவை ஓடும். விழுந்த ஆர்டர் என்ன ஆனது என்று அவருக்கு யார் சொல்வது?

தாட்டோன் குமார்:
இன்னொன்று. சூப்பர்வைசர் ஸ்கோப்பில் நேரடியாக அசிங்க் (விடையைப் பிறகு தரும் கோரூட்டீன்) போட்டால் எக்ஸெப்ஷன், அந்த விடையைக் கேட்கும் அவெயிட் வரை உள்ளேயே இருக்கும். அவெயிட் கூப்பிடாவிட்டால் உங்கள் ஹேண்ட்லருக்கே தெரியாது. உள்ளே பிடிக்கும்போதும் எக்ஸெப்ஷன் என்று மொத்தமாகப் பிடிக்காதீர்கள், கோரூட்டீனை ரத்து செய்யும்போது வரும் கேன்சலேஷன் எக்ஸெப்ஷனும் அதில் சிக்கும். நெட் அறுந்தால் வரும் ஐஓ எக்ஸெப்ஷனை மட்டும் பிடியுங்கள்.

ரங்கூன் செல்வம்:
ஐஓ எக்ஸெப்ஷனை உள்ளே பிடிக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஹேண்ட்லரை எடுக்க மாட்டேன். எதிர்பாராதது வந்தால் பதிவாவது செய்ய வேண்டும்.

மோல்மேன் தேவி:
பதிவுக்கு வையுங்கள் அண்ணா, அதில் சண்டையில்லை. ஆனால் ஆர்டரை முதலில் போனிலேயே ரூம் என்ற தரவுத்தளத்தில் எழுதுங்கள். நெட் வந்ததும், தள்ளிவைத்த வேலைகளை நடத்தும் வொர்க் மேனேஜர் அனுப்பட்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி அனுப்பும்போது ஒரே மூட்டை இரண்டு தடவை பில்லாகிவிடும்.