இறந்துபோன அப்பா பெயரில் காப்பீட்டு அட்டை, அம்மாவுக்கு அவசரமாகத் தேவை

வணக்கம். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கள் வீட்டில் 2012-லிருந்து இருக்கிறது. குடும்பத் தலைவர் அப்பா. அவர் போன வருடம் காலமாகிவிட்டார். ரேஷன் கார்டை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டோம். இப்போது அம்மாவுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை. அட்டையைக் காட்டினால், ரேஷன் கார்டு விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், கையில் அவ்வளவு பணம் இல்லை.

ஊர் தென் மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 58. வி.ஏ.ஓ.விடம் புதிதாக வருமானச் சான்று வாங்கியாகிவிட்டது, வருடம் 72,000 ரூபாய்; வரம்பு 1,20,000 என்பதால் அதில் சிக்கல் இல்லை. அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், மாற்றிய ரேஷன் கார்டு எல்லாம் தயார். மாவட்டக் காப்பீட்டு மையத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை பெயரை மட்டும் நீக்கலாம் என்றார்கள். அப்புறம் போனபோது, பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள் என்றார்கள். ரத்து செய்து, புதியது வரத் தாமதமானால் அம்மா கதி என்ன என்பதுதான் என் பயம்.

குடும்பத் தலைவர் இறந்தபின் இதே அட்டையில் தலைவர் பெயரை மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எத்தனை நாளில் முடிந்தது?