லயத்துல (எஸ்டேட் லைன் வீட்டுல) இருக்குற குடும்பங்களுக்கு வீடும் ஒரு சமுதாயக்கூடமும் கட்டணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் உறவுகளே, நாங்க இடுக்கி ஜில்லா வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் தொழிலாளிங்க. லயத்து செவுத்துல விரல் நுழையுற அளவுக்கு வெடிப்பு, மழைக்காலத்துல கட்டிலுக்கு மேல தார்ப்பாய் கட்டித்தான் புள்ளைங்கள படுக்க வைக்கிறோம், 2020ல மூணாறு பக்கம் பெட்டிமுடி லயத்த மூடுன மண்சரிவுக்கு அப்புறம் ராத்திரி மழை புடிச்சாலே யாருக்கும் தூக்கம் இல்ல.

லயம் கம்பெனி இடம், அதனால சில குடும்பங்க சேர்ந்து தனியா கொஞ்சம் இடம் பாத்திருக்கோம். கேரள அரசோட வீட்டுத் திட்டம் லைஃப் மிஷன்ல 4 லட்சம் கிடைச்சாலும் மலைக்கு கல்லு மணல் ஏத்துற லாரி வாடகையே பெரிய செலவு, அதான் ஒரு தொண்டு நிறுவனத்தோட சேந்து கட்டலாமான்னு யோசனை. திருச்சூர்ல இருக்குற காஸ்ட்ஃபோர்டுங்குற தொண்டு நிறுவனம் 1985லருந்து, குறைஞ்ச செலவுல வீடு கட்டுன கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வழியில கட்டுறாங்க, செங்கல்ல குத்தவச்சு நடுவுல இடைவெளி விட்டு கட்டுனா கால்வாசி செங்கல் மிச்சமாம்.

இந்த மாதிரி அமைப்புங்களோட வேலை செஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? பஞ்சாயத்து பணத்தையும் டிரஸ்ட் பணத்தையும் ஒரே வீட்டுக்கு போட விடுவாங்களா? கூடம் இருக்குற இடத்த யார் பேர்ல எழுதுறது, சங்கம் பதிவு பண்ணணுமா? சாயங்காலம் புள்ளைங்க படிக்கவும், கல்யாணம் சாவுன்னா நாலு பேர் உக்காரவும் அந்தக் கூடம் ரொம்ப அவசியம்ங்க. மலையாளத்துல மனு எழுதித்தர ஆள் இருந்தாலும் சொல்லுங்க.