மூன்று அட்டை வலி மாத்திரைகள்: சேர்த்துப் போடலாமா?

கெடிலக்கரையான், திருப்பாதிரிப்புலியூர்:
என் தாயாருக்கு 64 வயதாகிறது. இரத்த அழுத்தத்திற்காகத் தெல்மிசார்டனும் ஒரு நீர் மாத்திரையும் நாள்தோறும் சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மான வலிக்கென்று அவ்வப்போது வாங்கிய டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக்–பாராசிட்டமால், எட்டோரிகாக்சிப் ஆகிய மூன்று அட்டைகள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் வலி கேட்காவிட்டால் மற்றொன்றைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

மருந்தாளுநர், லாஸ்பேட்டை:
கூடாது, ஐயா. பாராசிட்டமாலை விட்டுவிட்டால், மற்ற மூன்றும் பெயரில்தான் வேறு. காக்ஸ் என்னும் நொதி உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்களே மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுகின்றன. அந்த நொதியைத் தடுப்பதே இம்மருந்துகளின் வேலை. ஆஸ்பிரின் இவ்வாறே செயல்படுகிறது என்று 1971இல் காட்டிய பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த நொதியில் இரு வகை உண்டு. காக்ஸ்-1 இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது; காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சியின்போது பெருகுகிறது. இபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் இரண்டையும் தடுப்பதால் வயிற்றுப்புண் வருகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்று கடைக்கு வருவோர் பலரும் நம்புகிறார்கள். ஆனால் இரத்தத்தின் வழியாகவும் இப்பாதிப்பு நேர்வதால், ஊசியாகப் போட்டாலும் புண் வரக்கூடும். எட்டோரிகாக்சிப் காக்ஸ்-2ஐயே குறிவைப்பதால் வயிற்றுக்குச் சற்று இதமானது, ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

செவிலியர், முத்தியால்பேட்டை:
எனக்கு வயிற்றைவிடச் சிறுநீரகத்தைப் பற்றித்தான் கவலை. சிறுநீரகத்திற்குள் செல்லும் இரத்தக்குழாயை விரித்து வைப்பதும் புரோஸ்டாகிளாண்டினே. தெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருசேர உடலில் இருந்தால், அதிலும் வாந்தி பேதியால் உடல்நீர் வற்றிய நாளில், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ காத்திராமல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கெடிலக்கரையான்:
அப்படியானால் வலிக்கு எதைத்தான் கொடுப்பது?

மருந்தாளுநர், லாஸ்பேட்டை:
டைக்ளோஃபெனாக் ஜெல்லை முழங்காலில் தடவிப் பாருங்கள். அதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் கலக்கிறது. பாராசிட்டமால் வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது என்றாலும், உரிய அளவில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பெரிதும் சிரமப்படுத்தாது. கூட்டு மாத்திரையிலும் அதுவே இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். அம்மூன்று அட்டைகளையும் இரத்த அழுத்தச் சீட்டையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அந்த அட்டைகளைத் தொடவே வேண்டாம். இரத்தக்கசிவு அபாயம் கூடும்.