அன்டூ கிளைகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா?

விம் (Vim) என்ற டெக்ஸ்ட் எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் உதவுங்கள்.

விம்மில் அன்டூ வரலாறு நேர்கோடு இல்லை, மரம். சில மாற்றங்களை அன்டூ செய்துவிட்டுப் புதிதாகத் தட்டினாலும் பழையவை அழியாமல் தனிக் கிளையாக நிற்கும். 2006இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே இப்படித்தான். அன்டூ செய்யும் யூ (u) விசையால் மட்டும் அந்தக் கிளைக்குப் போக முடியாது. ஜி மைனஸ் (g-), ஜி பிளஸ் (g+) கட்டளைகள் வேண்டும். இந்த மரத்தை அன்டூட்ரீ என்ற பிளகின் (விம்மோடு சேர்க்கும் துணை நிரல்) பக்கத்திலேயே வரைந்து காட்டுகிறது. மிக அருமையான கருவி!

எனக்கு வேண்டியது, பழைய கிளையில் எழுதிய ஒரே ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு பகுதி). கிளை மாறினால் ஃபைல் முழுவதுமே மாறிவிடுகிறது. இப்போதைக்கு அங்கே போய் யாங்க் (காப்பி) செய்து, திரும்பி வந்து பேஸ்ட் செய்கிறேன். மாற்றங்கள் ஃபைல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் இது சரிப்படவில்லை. என்னிடம் உள்ள அன்டூட்ரீ பதிப்பில், வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் ஜன்னல் ஒரு நிலையை அதற்கு முந்தைய நிலையோடுதான் ஒப்பிடுகிறது. நான் தேர்ந்தெடுக்கும் ஏதாவது இரண்டு நிலைகளை ஒப்பிட முடியுமா?

அப்புறம் இன்னொன்று. விம்மை மூடினாலும் அன்டூ வரலாற்றைச் சேமித்து வைக்கும் அன்டூஃபைல் வசதியைப் போட்டிருக்கிறேன். விம்மை மூடியபின் கிட் (Git, நிரல் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) நான் எழுதும் ஃபைலை மாற்றினால், ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) பொருந்தாமல் வரலாறு ஏற மறுக்கிறது. இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உங்கள் விம்ஆர்சி (விம்மின் அமைப்பு ஃபைல்) வரிகளையும் போட்டால் பெரிய உதவி.